எக்ஸ்ட்ரா கிரெடிட்டில் 'காப்பி' என்று புகார் வந்தால்: அமெரிக்கப் பள்ளிக்குப் புதிதாக வந்த தமிழ்ப் பெற்றோருக்கு

"உங்கள் பிள்ளை கொடுத்த வேலை அவருடைய சொந்த எழுத்தாகத் தெரியவில்லை. இது பற்றிப் பேச வேண்டும்." அமெரிக்கப் பள்ளியில் பிள்ளை சேர்ந்த புதிதில் டீச்சரிடமிருந்து இப்படி ஒரு மின்னஞ்சல் வந்தால் வீடே ஆடிப்போகிறது. கட்டாயமே இல்லாத எக்ஸ்ட்ரா கிரெடிட் வேலைக்கு இது வரும்போது இன்னும் வேதனை. மார்க்கைக் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளலாம் என்று ஆசையாகச் செய்தது, இருக்கிற மார்க்குக்கும் பேருக்கும் ஆபத்தாகிவிடுகிறது.

எக்ஸ்ட்ரா கிரெடிட்டில் சிக்கல் வரக் காரணம் இருக்கிறது. பருவம் முடியப் போகும் நேரத்தில், வகுப்பில் வாயால் சொல்லி, ரப்ரிக் (எதற்கு எவ்வளவு மார்க் என்ற அளவுகோல் தாள்) எதுவும் இல்லாமல் கொடுக்கப்படும் வேலை அது. முழுக்க வீட்டில், அவசரத்தில், அக்காவோ அப்பாவோ பக்கத்தில் உட்கார்ந்து உதவ முடிகிற வேலை. எப்படி எழுதினோம் என்பதற்குத் தடயம் வைத்திருக்கும் பிள்ளை தப்பித்துக்கொள்கிறது. தடயம் இல்லாத பிள்ளை உண்மையைச் சொன்னாலும் திணறுகிறது. அதனால் புகார் வருவதற்கு முன்பே செய்ய வேண்டியதிலிருந்து தொடங்குகிறேன்.

1. வேலையைத் தொடங்கும் முன் விதிகளை எழுத்தில் வாங்குங்கள்

பிள்ளையே டீச்சருக்கு மின்னஞ்சல் எழுதட்டும். நடுநிலைப் பள்ளி முதலே மாணவர் நேரடியாகக் கேட்பதைத்தான் டீச்சர்கள் எதிர்பார்க்கிறார்கள். கேட்க வேண்டியவை:

- தனியாகச் செய்ய வேண்டுமா, நண்பரோடு சேர்ந்து செய்யலாமா?
- பெற்றோரோ டியூட்டரோ படித்துப் பார்த்துத் திருத்தலாமா?
- கிராமர்லி (ஆங்கில இலக்கணம் திருத்தும் ஆப்), கூகுள் டிரான்ஸ்லேட், சாட்ஜிபிடி இவற்றில் எது சரி, எது கூடாது? யோசனை கேட்க மட்டும் பயன்படுத்தலாமா?
- வேறு வகுப்புக்கு ஏற்கெனவே எழுதியதை இதற்குக் கொடுக்கலாமா?
- மேற்கோள் எந்த முறையில்? ஆங்கில வகுப்பில் பெரும்பாலும் எம்.எல்.ஏ. என்ற மேற்கோள் முறையைக் கேட்பார்கள். அறிவியலிலும் சமூகவியலிலும் ஏ.பி.ஏ. என்ற முறையைக் கேட்கலாம்.
- எத்தனை புள்ளி, கிரேடுபுக்கில் (மார்க் பதிவேட்டில்) எப்படிப் பதிவாகும்?

கடைசிக் கேள்வியைப் பலர் கேட்பதில்லை. ஒரு கணக்கு பாருங்கள். மொத்தம் 500 புள்ளியில் பிள்ளை 430 வாங்கியிருக்கிறது. அது 86 சதவீதம். 20 புள்ளி எக்ஸ்ட்ரா கிரெடிட் முழுதாகக் கிடைத்தால் 450/500, அதாவது 90. வேலையை டீச்சர் தள்ளுபடி செய்தால் பழைய 86 அப்படியே நிற்க வேண்டும். ஆனால் அதைச் சாதாரண அசைன்மென்ட் போலப் பதிவு செய்து பூஜ்யம் போட்டால் 430/520 ஆகி 82.7க்கு இறங்கிவிடும். செய்யாமலே இருந்திருக்கலாம் என்ற நிலை. வீட்டுப்பாடமும் மார்க்கும் பதியும் கான்வஸ் என்ற இணையத் தளத்தைப் பயன்படுத்தும் பள்ளிகளில் எக்ஸ்ட்ரா கிரெடிட்டை மொத்தப் புள்ளி 0 என்று வைத்துப் பதிவதுதான் வழக்கம். உங்கள் பிள்ளையின் பக்கத்தில் 0/20 என்று தெரிந்தால் உடனே கேளுங்கள். பதிவுப் பிழையாக இருக்கலாம், தண்டனையாகவும் இருக்கலாம். இரண்டும் வேறு வேறு.

டீச்சரின் பதிலை அழிக்காமல் வையுங்கள். வகுப்பில் வாயால்தான் சொன்னார் என்றால், "நீங்கள் சொன்னதை இப்படிப் புரிந்துகொண்டேன், சரிதானே?" என்று அன்றே ஒரு வரி அனுப்பினால் போதும்.

2. எழுதும்போதே தடயம் சேரட்டும்

முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஒரே கூகுள் டாக்கில் எழுதச் சொல்லுங்கள். நோட்ஸ் ஆப்பில் எழுதிக் கடைசியில் மொத்தமாக ஒட்டினால், வரலாற்றில் 800 வார்த்தை ஒரே நொடியில் வந்ததாகத்தான் தெரியும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது காப்பி அடித்தது போலவே இருக்கும்.

ஃபைல் மெனுவில் 'வெர்ஷன் ஹிஸ்டரி' என்று ஒன்று உண்டு. எந்த நாள், எந்த நேரம், எந்த வரி எழுதப்பட்டது, எது அழிக்கப்பட்டது என்று அங்கே வரிசையாகப் பார்க்கலாம். இதில் மூன்று பொறிகள் இருக்கின்றன. 'மேக் எ காப்பி' கொடுத்தால் புதுக் கோப்புக்குப் பழைய வரலாறு வராது. காப்பியை டீச்சருக்கு அனுப்பினாலும் மூலக் கோப்பை அழிக்கக் கூடாது. அடுத்து, 'வியூ' அனுமதி மட்டும் உள்ளவருக்கு வரலாறு தெரியாது, 'எடிட்' அனுமதி வேண்டும். மூன்றாவது, கூகுள் இடத்தை மிச்சப்படுத்தப் பழைய பதிவுகளை அவ்வப்போது ஒன்றாக்கிவிடும். எனவே முக்கியமான கட்டங்களில் 'நேம் கரண்ட் வெர்ஷன்' கொடுத்து 'முதல் வரைவு', 'திருத்தியது' என்று பெயரிடுங்கள். வேர்டில் எழுதுவதானால் கோப்பு ஒன்டிரைவில் இருந்தால்தான் இந்த வரலாறு சேரும். கணினியில் மட்டும் சேமித்தால் சேராது.

கையால் எழுதிய குறிப்பு, அடிக்கோடிட்ட அச்சுத்தாள், நூலகப் புத்தகம் எடுத்த ரசீது எதையும் மார்க் வரும்வரை குப்பையில் போடாதீர்கள். குரோம் தன் உலாவல் வரலாற்றை 90 நாள்வரைதான் காட்டும். படித்த பக்கங்களின் முகவரிகளை டாக்கின் அடியில் ஒட்டிக்கொண்டே போவது நல்லது. மேற்கோள் பட்டியலும் தானாக உருவாகிவிடும்.

நண்பனுக்கு லிங்க் அனுப்பவே கூடாது. "பார்த்துட்டுத் தந்துடறேன்" என்று கேட்பவன் அப்படியே கொடுத்துவிட்டால், எழுதியவனும் வாங்கியவனும் சேர்ந்தே மாட்டுவார்கள். பல பள்ளிகளின் ஹேண்ட்புக்குகள் (விதிப் புத்தகங்கள்) கொடுத்தவருக்கும் அதே தண்டனை என்று எழுதி வைத்திருக்கின்றன.

3. நம் பிள்ளைகள் தெரியாமல் வழுக்கி விழும் இடங்கள்

பாடப்புத்தக வரியை வரி மாறாமல் எழுதினால் முழு மார்க் கிடைத்த பள்ளியிலிருந்து வந்த பிள்ளைக்கு, அதே செயல் இங்கே குற்றம் என்று யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். வீட்டில் நீங்கள் சொல்ல வேண்டும்.

- ஒரு பத்தியை எடுத்து வார்த்தைகளை மட்டும் அங்கங்கே மாற்றுவது. மூலத்தைக் குறிப்பிட்டாலும் வாக்கிய அமைப்பு அப்படியே இருந்தால் டீச்சர் ஏற்கமாட்டார். சரியான வழி: படி, மூடு, உன் வார்த்தையில் எழுது, பிறகு திறந்து சரிபார்.
- தமிழ்ப் பக்கத்தை மொழிபெயர்த்து எழுதுவது. ஆங்கிலத்தில் யாரும் எழுதாததாக இருந்தாலும் கருத்தும் வரிசையும் இன்னொருவருடையது. மூலம் சொல்லியே ஆக வேண்டும்.
- தமிழில் யோசித்து எழுதி, முழுவதையும் டிரான்ஸ்லேட்டில் போட்டு எடுப்பது. ஸ்பானிஷ், பிரெஞ்சு போன்ற மொழி வகுப்புகளில் பெரும்பாலும் நேரடித் தடை. மற்ற வகுப்புகளில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.
- போன வருஷக் கட்டுரையை இந்த வருஷம் கொடுப்பது. சொந்த எழுத்துதான், ஆனாலும் ஒரே வேலைக்கு இரண்டு முறை மார்க் வாங்குவதாகக் கணக்கு.
- போஸ்டரில் ஒட்டும் படத்துக்கு மூலம் எழுதாமல் விடுவது.
- அப்பா உட்கார்ந்து வாக்கியத்தை மாற்றி எழுதுவது. எழுத்துப்பிழையைச் சுட்டிக்காட்டுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கீபோர்டைப் பிள்ளையே தொடட்டும்.

4. புகார் வந்த அன்று

முதலில், அந்தக் கோப்பை யாரும் தொடாதீர்கள். விட்டுப்போன மேற்கோளை அவசரமாகச் சேர்த்தால் அதுவும் நேரத்தோடு பதிவாகி, மறைக்கப் பார்த்ததாக ஆகிவிடும். வெர்ஷன் ஹிஸ்டரி பக்கங்களைத் தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். வரைவுகளையும் டீச்சரின் மின்னஞ்சல்களையும் பி.டி.எஃப். ஆக்கி வீட்டுக் கணினியில் வையுங்கள். பள்ளிக் கணக்கு எப்போது வேண்டுமானாலும் பூட்டப்படலாம். ட்ராஃப்ட்பேக் என்ற குரோம் நீட்சி டாக்கை எழுதிய விதத்தை வீடியோ போல ஓட்டிக் காட்டும், ஆனால் பள்ளிக் கணக்கில் நீட்சிகள் தடுக்கப்பட்டிருக்கலாம்.

அடுத்து, பிள்ளையோடு தனியாக உட்காருங்கள். கோபம் பிறகு. "எதிலிருந்து எடுத்தாய், யார் உதவினார்கள், எந்த ஆப் திறந்திருந்தது?" என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். முழு உண்மையும் உங்களுக்குத் தெரியாமல் பள்ளிக்குப் போவதைவிட மோசமான நிலை எதுவும் இல்லை.

மூன்றாவது, "மன்னித்துவிடுங்கள், இனிமேல் நடக்காது" என்று பதில் எழுதிவிடாதீர்கள். பெரியவர்கள் கோபித்தால் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்பது நமக்கு மரியாதை. இங்கே அது ஒப்புதல் வாக்குமூலமாகக் கோப்பில் ஏறும். "உங்கள் மின்னஞ்சல் கிடைத்தது. முழு விவரம் தெரிந்துகொள்ள விரும்புகிறோம், நேரில் பேச நேரம் கொடுங்கள்" என்று இரண்டே வரி, 24 மணி நேரத்துக்குள். பிள்ளையிடம் ஏதாவது தாளில் கையெழுத்துக் கேட்டால், வீட்டில் காட்டிய பிறகு போடுகிறேன் என்று சொல்லச் சொல்லுங்கள்.

வகுப்புப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் இதைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம். இன்னொரு பிள்ளை சம்பந்தப்பட்டிருந்தால் அந்த வீட்டுக்கு போன் செய்து "நாம் ஒரே மாதிரி சொல்லுவோம்" என்று பேசுவது எல்லாவற்றையும் கெடுத்துவிடும்.

5. கேட்டு வாங்க வேண்டியவை

டீச்சருக்கு எழுதுங்கள், கவுன்சிலருக்கு (பள்ளியில் மாணவர்களுக்கு ஆலோசனை சொல்பவர்) நகல் வையுங்கள். கேட்க வேண்டியது:

- எந்தெந்த வரிகள் மீது சந்தேகம், எந்த மூலத்தோடு ஒத்துப்போகின்றன என்ற முழு அறிக்கை. சதவீதம் மட்டும் போதாது.
- அசைன்மென்ட் தாளும் ரப்ரிக்கும், கொடுக்கப்பட்ட தேதியோடு.
- ஹேண்ட்புக்கில் எந்த விதி மீறப்பட்டதாகச் சொல்கிறார்கள், அது எத்தனையாவது நிலைக் குற்றம், என்ன தண்டனை உத்தேசம்.
- இது ஒழுங்கு நடவடிக்கைப் பதிவாகுமா, வகுப்பு மார்க்கோடு நின்றுவிடுமா.

அரசுப் பள்ளி என்றால் 1974-இன் ஃபெர்பா சட்டப்படி பிள்ளையின் கல்விப் பதிவுகளைப் பார்க்கப் பெற்றோருக்கு உரிமை உண்டு. எழுத்தில் கேட்டால் அதிகபட்சம் 45 நாளுக்குள் காட்ட வேண்டும். கலிபோர்னியாவில் 5 வேலை நாள்தான். தேடி எடுப்பதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது, நகலெடுக்க மட்டும் வாங்கலாம். டீச்சர் தனக்கென்று எழுதி யாருக்கும் காட்டாத குறிப்பு இதில் வராது. பிள்ளைக்கு 18 வயது ஆகிவிட்டால் உரிமை பிள்ளைக்கு மாறிவிடும். கடிதத்தில் அவரே கையெழுத்திட வேண்டும். மத்திய அரசு நிதி பெறாத தனியார் பள்ளிக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அங்கே சேர்க்கையின்போது கையெழுத்திட்ட ஒப்பந்தமும் ஹேண்ட்புக்கும்தான் எல்லாம்.

6. மென்பொருள் காட்டும் எண்ணை எப்படிப் படிப்பது

காப்பியைக் கண்டறியப் பள்ளிகள் பயன்படுத்தும் டர்னிட்டின் என்ற மென்பொருளின் அறிக்கையில் இரண்டு எண்கள் இருக்கலாம். பெற்றோர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

ஒன்று, ஒற்றுமைச் சதவீதம். பிள்ளையின் வரிகள் வேறு எங்கெல்லாம் இருக்கின்றன என்று மட்டுமே அது சொல்கிறது. மேற்கோள் குறிக்குள் உள்ள வரி, நூல் பட்டியல், எல்லா மாணவரும் தாளில் ஒட்டியிருக்கும் கேள்வி எல்லாமே கணக்கில் சேரலாம். மேற்கோளையும் பட்டியலையும் நீக்கி மறுபடி பார்க்க வசதி இருக்கிறது. அப்படிப் பார்த்தீர்களா என்று டீச்சரிடம் பணிவாகக் கேளுங்கள். 30 சதவீதம் குற்றமற்றதாகவும் இருக்கலாம். 6 சதவீதம் முழுப்பத்தித் திருட்டாகவும் இருக்கலாம்.

இன்னொன்று, செயற்கை நுண்ணறிவு எழுதியதாக மதிப்பிடும் எண். இது ஊகம். பக்கத்தில் வைத்துக் காட்ட மூலம் எதுவும் கிடையாது. 300 வார்த்தைக்குக் குறைந்த எழுத்துக்கு டர்னிட்டினே இந்த மதிப்பீட்டைத் தருவதில்லை. தவறு நேர வாய்ப்பு அதிகம் என்பதால், 20 சதவீதத்துக்குக் கீழான முடிவுக்கு எண்ணைக் காட்டாமல் நட்சத்திரக் குறி போடுகிறது. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ தன்னுடைய கண்டறியும் கருவியைத் துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் திரும்பப் பெற்றது. அதே ஆண்டு வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் டர்னிட்டினின் இந்த வசதியை நிறுத்தி வைத்தது.

நம் பிள்ளைகளுக்கு மிக முக்கியமானது 2023-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவு. ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளை ஏழு கருவிகளில் போட்டார்கள். சராசரியாக 61 சதவீதம் இயந்திரம் எழுதியதாகத் தவறாகக் குறிக்கப்பட்டன. அந்த ஏழில் டர்னிட்டின் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள், அப்போதுதான் உங்கள் வாதம் நிற்கும். எளிய, ஒரே மாதிரியான வாக்கியங்களில் எழுதும் பிள்ளை இந்தக் கருவிகளிடம் மாட்டுவதற்கு வாய்ப்பு அதிகம். ஈ.எஸ்.எல். டீச்சர் (ஆங்கிலம் தாய்மொழி அல்லாத பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பிப்பவர்) இருந்தால், பிள்ளை வழக்கமாக எழுதும் நடையை அறிந்தவர் அவர். ஒரு கடிதம் கேளுங்கள்.

7. சந்திப்பு

முதலில் டீச்சர், பிறகு கவுன்சிலர் அல்லது துணைப் பிரின்சிபால், பிறகு பிரின்சிபால், அதற்கும் மேல் அந்த வட்டாரப் பள்ளிகளை நிர்வகிக்கும் டிஸ்ட்ரிக்ட் அலுவலகம். படி தாண்டிப் போனால் கீழே திருப்பி அனுப்புவார்கள்; டீச்சரின் மனமும் கசந்துபோகும்.

ஆங்கிலத்தில் பேசத் தயக்கம் இருந்தால் மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள். 1964-இன் குடிமை உரிமைகள் (சிவில் ரைட்ஸ்) சட்டத்தின் ஆறாம் பிரிவின் கீழ், ஆங்கிலம் சரளமாக வராத பெற்றோருக்கு மத்திய நிதி பெறும் பள்ளி இலவசமாக அந்த உதவி தர வேண்டும். தமிழுக்கு ஆள் கிடைக்க நேரமாகும், பெரும்பாலும் தொலைபேசி வழியாகத்தான் ஏற்பாடு செய்வார்கள். சில நாள் முன்பே சொல்லிவிடுங்கள். குற்றம் சாட்டப்பட்ட பிள்ளையையே மொழிபெயர்க்க வைக்காதீர்கள்.

சந்திப்பில் பேச வேண்டியது பிள்ளை. நீங்கள் குறிப்பெடுங்கள். லேப்டாப்பில் வெர்ஷன் ஹிஸ்டரியைத் திறந்து, "செவ்வாய்க்கிழமை மாலை இந்தப் பத்தியை எழுதினேன்; புதன்கிழமை இதை எடுத்துவிட்டேன், ஏனென்றால் இந்த மூலத்தில் தேதி வேறாக இருந்தது" என்று பிள்ளை காட்டும்போது நிலைமை மாறுகிறது. டீச்சர் கட்டுரையைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டால் பதில் சொல்லத் தயாராக இருக்க வேண்டும். அதே தலைப்பில் மேற்பார்வையோடு ஒரு பத்தி எழுதிக் காட்டுகிறேன் என்று பிள்ளையே முன்வரலாம். பதிவு செய்ய விரும்பினால் முன்அனுமதி கேளுங்கள், கலிபோர்னியா போன்ற மாநிலங்களில் எல்லோரும் சம்மதிக்காமல் ரகசிய உரையாடலைப் பதிவு செய்வது குற்றம்.

சந்திப்பு முடிந்த அன்றே, பேசி முடிவானதை நாலைந்து வரியில் மின்னஞ்சலாக அனுப்புங்கள்.

8. பிள்ளை உண்மையிலேயே செய்திருந்தால்

மறைக்க உதவாதீர்கள். எந்தப் பகுதியை, எங்கிருந்து, ஏன் எடுத்தேன் என்று பிள்ளை தன் கையால் எழுதட்டும். விதி தெரியாமல் செய்ததா, நேரமில்லாமல் செய்ததா என்பதை மழுப்பாமல் சொல்லட்டும். பிறகு மூன்றைக் கேளுங்கள்: எக்ஸ்ட்ரா கிரெடிட் புள்ளியை மட்டும் இழப்பதோடு முடிக்க முடியுமா, மேற்கோள் முறை கற்கும் பயிற்சியைத் தண்டனைக்குப் பதிலாக ஏற்பார்களா, பதிவு எவ்வளவு காலம் இருக்கும். பள்ளிக்குப் புதிய மாணவர், முதல் தவறு என்றால் டீச்சர்கள் பொதுவாக இரங்கி வருவார்கள். பொய் சொல்லிப் பிடிபட்ட பிறகு அந்த இரக்கம் இருக்காது.

9. மேல்முறையீடு: காலமும் செலவும்

கெடு ஹேண்ட்புக்கில் இருக்கும். சில இடங்களில் 5 பள்ளி நாள், சில இடங்களில் 10. சனி, ஞாயிறு, விடுமுறை கணக்கில் வராது. ஆனால் ஜூன் மாதப் புகார் கோடை விடுமுறையில் சிக்கிக்கொள்ளும், எனவே பள்ளி மூடுவதற்குள் எழுத்தில் பதிவு செய்துவிடுங்கள். டிஸ்ட்ரிக்டுக்குள் முறையிடக் கட்டணம் இல்லை.

மார்க்கை மாற்றக் கேட்பதற்கு வரம்பு உண்டு. கலிபோர்னியாவில் டீச்சர் போட்ட மார்க்தான் இறுதி. பதிவுப் பிழை, மோசடி, தீய நோக்கம், திறமையின்மை என்று காட்டினால்தான் மாற்றலாம். டெக்சாஸில் தன்னிச்சையானது, பிழையானது, அல்லது டிஸ்ட்ரிக்ட் மார்க் கொள்கைக்கு மாறானது என்று காட்ட வேண்டும். "என் பிள்ளை நல்லவன்" என்ற கடிதம் எடுபடாது. "விதி 0/0 என்கிறது, பதிவு 0/20 என்கிறது" என்ற கடிதம் எடுபடும்.

அரசுப் பள்ளி சஸ்பெண்ட் செய்வதாக இருந்தால், 10 நாளுக்கு உட்பட்டதானாலும், குற்றச்சாட்டைச் சொல்லி, மறுத்தால் ஆதாரத்தை விளக்கி, பிள்ளையின் பக்கத்தையும் கேட்க வேண்டும். 1975-இல் கோஸ் எதிர் லோபெஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது. நீண்ட சஸ்பென்ஷன், வெளியேற்றம் என்ற அளவுக்குப் போனால் மட்டும் கல்விச் சட்ட வழக்கறிஞரை யோசியுங்கள், ஒரு மணி நேரத்துக்கே சில நூறு டாலர் ஆகும். எக்ஸ்ட்ரா கிரெடிட் பூஜ்யத்துக்கு வழக்கறிஞர் கடிதம் அனுப்பினால் பள்ளியும் தன் வழக்கறிஞரைத்தான் பேச வைக்கும். டீச்சரோடு நேராகப் பேசும் வழி அடைபட்டுவிடும்.

10. பதிவும் கல்லூரி விண்ணப்பமும்

முடிவு எழுத்தில் வந்ததும், கோப்பில் என்ன ஏறியிருக்கிறது என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். புகார் தள்ளுபடியாகியும் பதிவு அப்படியே கிடக்கலாம். தவறான, திரிக்கும் பதிவைத் திருத்தக் கேட்க ஃபெர்பா இடம் தருகிறது. மறுத்தால் விசாரணை கேட்கலாம், அதிலும் மறுத்தால் உங்கள் விளக்கத்தைக் கோப்பில் இணைக்கலாம். டீச்சர் முடிவு செய்த மார்க்கை எதிர்க்க இந்த வழி உதவாது.

பல கல்லூரிகளுக்கு ஒரே படிவத்தில் விண்ணப்பிக்க உதவும் காமன் ஆப் 2021-22 முதல் எல்லா மாணவரிடமும் பள்ளி ஒழுங்கு நடவடிக்கை பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டது. தனித்தனிக் கல்லூரிகள் தங்கள் கேள்வித்தாளில் இன்னும் கேட்கலாம். அதனால் பதினொன்றாம் வகுப்பு முடிவதற்குள் கவுன்சிலரிடம் உட்கார்ந்து, இந்த விஷயம் ஒழுங்குப் பதிவாக இருக்கிறதா, கல்லூரி கேட்டால் பள்ளி என்ன பதில் எழுதும் என்று கேட்டு, அந்தப் பதிலையும் மின்னஞ்சலில் வாங்கி வையுங்கள்.